டெல்லியை ஒருநாள் தனியா சுத்திப் பார்க்கணும், சுகர் இருக்கு, போலாமா டாக்டர்?

மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா நாலு பக்கம் கையால எழுதி, அதை போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. பேர், ஊர், அடையாளம் தெரியற மாதிரி இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்லிடறேன்.

வயசு 61. சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆச்சு. ஒரே மகள், நொய்டாவுல ஐடி வேலை, பேத்திக்கு ரெண்டு வயசு. பேத்தியைப் பார்த்துக்க மார்ச் கடைசியில கிளம்பறாங்க, ரெண்டு மாசம் அங்கதான். மகளுக்கு செவ்வாய்க்கிழமை வீட்டுல இருந்தே வேலை, அதனால அன்னிக்கு பிள்ளையை அவ பார்த்துக்குவா, நான் ஒரு நாள் தனியா டெல்லியை சுத்திப் பார்த்துட்டு வந்துடலாம்னு இருக்கேன்னு எழுதியிருக்காங்க. இதுவரைக்கும் தனியா போன அதிகபட்ச தூரம் திண்டுக்கல்லாம், அதுவும் மீட்டிங்குக்கு.

டெல்லி ஏன்னு ஒரு பாரா இருக்கு. அப்பா காதிக் கடையில வேலை பார்த்தவர், சின்ன வயசுல மதுரை காந்தி மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போய், சுடப்பட்டப்ப காந்தி உடுத்தியிருந்த அந்த ரத்தக்கறை துணியைக் காட்டியிருக்கார். "துணியைப் பார்த்துட்டேன் டாக்டர், அவர் விழுந்த இடத்தைப் பார்க்கணும்." இந்த வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன்.

அப்புறம் உடம்பு. சுகர் 12 வருஷமா, பிபி 8 வருஷமா. காலையிலயும் ராத்திரியும் மெட்ஃபார்மின் கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை, காலையில டெல்மிசார்ட்டன் கூட ஹைட்ரோகுளோரோதையசைட் சேர்ந்த பிபி மாத்திரை. சுகரோட மூணு மாச சராசரி (HbA1c) 7.9. அன்னிக்கு என்ன செய்யப் போறாங்கன்னா, பிபி மாத்திரை போட்டா அடிக்கடி பாத்ரூம் வருது, அதனால அதை விட்டுடுவாங்களாம். தண்ணியும் வீடு திரும்பற வரைக்கும் தொண்டையை நனைக்க மட்டும்தானாம். சுகர் மாத்திரையை மட்டும் "கரெக்டா" போட்டுட்டு, வெறும் வயித்தோட முதல்ல மலை மந்திர்ல முருகனைக் கும்பிட்டுட்டு அப்புறம்தான் சாப்பாடாம். மயக்கம் வந்தா இருக்கட்டும்னு பையில கிரீம் பிஸ்கட். மகள் புதுசா ஷூ வாங்கி அனுப்பியிருக்கா, அதைத்தான் போட்டுக்கப் போறாங்க. மகள் தனியா விடமாட்டா, அதனால அபார்ட்மெண்ட்ல இருக்கற ஒரு தமிழ் மாமி கூட போறேன்னு சொல்லிடலாமான்னும் யோசிக்கறாங்க. கடைசிப் பக்கத்துல ஓரமா ஒரு வரி, "ராத்திரில பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், சில நேரம் செருப்பு கழண்டதே தெரியாது, வயசானா வர்றதுதான."

கேள்வி இவ்வளவுதான், போலாமா கூடாதா, போறதுக்கு முன்னாடி ஊசி கீசி ஏதாச்சும் போட்டுக்கணுமா?

அக்கா, போங்க. ஊசி ஒண்ணும் வேணாம். ஆனா நீங்க போட்டிருக்கற பிளான்ல ஏறக்குறைய எல்லாத்தையும் மாத்தணும். கோவிச்சுக்காதீங்க, கடிதத்தைப் படிச்சப்ப நீங்க டெல்லிக்குப் போற பயத்தை விட டெல்லியில மயங்கி விழற ஏற்பாட்டைத்தான் கச்சிதமா பண்ணியிருக்கீங்கன்னு தோணுச்சு.

எட்டு இடம், ஒரு நாள்

செங்கோட்டை, ராஜ்காட், காந்தி சுடப்பட்டு விழுந்த பிர்லா மாளிகை, இந்தியா கேட், குதுப் மினார், தாமரைக் கோயில், பங்களா சாகிப் குருத்வாரா, மலை மந்திர், இதுதான் உங்க லிஸ்ட். டெல்லி நம்ம மதுரை மாதிரி இல்ல, மீனாட்சி கோயில்ல இருந்து நடந்தே மகாலுக்குப் போயிட்டு அப்படியே ஜிகர்தண்டா குடிச்சுட்டு வர்றதுக்கு. செங்கோட்டை ஒரு கோடி, குதுப் மினார் இன்னொரு கோடி, நடுவுல நல்ல தூரம். அதுல ஒவ்வொரு இடத்துலயும் கேட்ல இருந்து உள்ள போறதே ஒரு நடை. குதுப் மினார் மேல ஏறி ஊரைப் பார்க்கணும்னு எழுதியிருக்கீங்க, அது முடியாதுக்கா. 379 படி இருக்கு, ஆனா 1981 டிசம்பர்ல உள்ள விளக்கு அணைஞ்சு இருட்டுல நெரிசல் ஆகி 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க, நிறைய பேர் ஸ்கூல் பிள்ளைங்க, அதுக்கப்புறம் யாரையும் ஏற விடறதில்ல. கீழ நின்னு அண்ணாந்துதான் பார்க்கணும். உங்க முட்டி அதுக்கு நன்றி சொல்லும்.

எனக்கு ஒண்ணு புரியல. ரெண்டு மாசம் இருக்கப் போறீங்க, செவ்வாய்க்கிழமைதோறும் மகள் வீட்டுல இருக்கா. ரெண்டு மாசத்துல எத்தனை செவ்வாய்க்கிழமை வரும்? எட்டு வரும்ல. உங்க லிஸ்ட்லயும் எட்டுதான் இருக்கு. அப்புறம் ஏன் ஒரே நாள்ல முடிக்கணும்? ஒரு நாள் லீவு கேக்கறதே அதிகம், ரெண்டாவது நாள் எப்படி கேக்கறதுன்னு நீங்களே மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருக்கீங்கன்னு நினைக்கறேன். 30 வருஷம் ஊர்ப் பிள்ளைங்களுக்கு நேரத்துக்கு சோறு போட்டுட்டு தான் மூணு மணிக்கு சாப்பிட்ட பழக்கம், அது இங்கயும் வந்து நிக்குது. மகள்கிட்ட கேட்டுப் பாருங்க, மாட்டேன்னு சொல்வாளான்னு.

அதனால முதல் செவ்வாய்க்கு ரெண்டே இடம். பிர்லா மாளிகை, அதுக்கப்புறம் தெம்பு இருந்தா இந்தியா கேட். மத்தது எல்லாம் அடுத்தடுத்த வாரம். ஒரு வரிசை மட்டும் சொல்றேன், ஏப்ரல் போயி மே வந்துட்டா டெல்லியில வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நம்ம ஊர் வெயில் மாதிரி வேர்வை உடம்புல நிக்காது, காய வைக்கும், தண்ணி வத்தறதே தெரியாது. அதனால வெட்டவெளியில நடக்கற செங்கோட்டை, குதுப் மினார் எல்லாம் ஏப்ரல் பாதிக்குள்ள முடிச்சுடுங்க.

மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும்

உங்க சுகர் மாத்திரையில ரெண்டு மருந்து இருக்கு. மெட்ஃபார்மின் சாதுவானது, தனியா அதைப் போட்டு சாப்பிடாம இருந்தாலும் பெரும்பாலும் சுகரை ரொம்ப இறக்காது. கூட இருக்கற கிளிமிபிரைடு அப்படி இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது, போட்டவுடனே போய் கணையத்தை உலுக்கி இன்சுலினை வெளிய எடுத்துடும், நாள் பூரா அந்த வேலையைப் பார்க்கும். அதைப் போட்டுட்டு வெறும் வயித்தோட மெட்ரோ ஏறி, படி ஏறி, வரிசையில நின்னு முருகனைப் பார்க்கறதுக்குள்ள சுகர் 60க்கு வந்துடலாம். மாத்திரையை கரெக்டா போட்டுட்டேன்னு நீங்க நினைக்கறீங்க பாருங்க, மொத்த பிளான்லயே ரொம்ப ஆபத்தான விஷயம் அதுதான். முருகன் சாப்பிட்டுட்டு வந்தா கோவிச்சுக்க மாட்டார், பழத்துக்கு சண்டை போட்ட பிள்ளைதான அவர்.

அன்னிக்கு காலையில வழக்கமா எப்ப சாப்பிடுவீங்களோ அப்பவே சாப்பிடணும், மாத்திரைக்கு அரை மணி நேரத்துக்குள்ள. 11 மணிக்கு சுண்டலோ ஒரு ஆப்பிளோ, ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு, நாலு மணிக்கு திரும்ப ஏதாச்சும். பொடி தடவுன நாலு இட்லி டப்பாவுல இருந்தா எங்க க்யூ நின்னாலும் கவலை இல்ல. வழக்கத்தை விட மூணு நாலு மடங்கு நடக்கப் போறீங்க, நடந்தாலே சுகர் இறங்கும், அதனால அன்னிக்கு மட்டும் கிளிமிபிரைடு அளவைக் குறைக்கணுமான்னு ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. நீங்களா பாதியா உடைச்சுப் போடாதீங்க.

கிரீம் பிஸ்கட் விஷயம். கை நடுக்கம், குப்புனு வேர்வை, படபடப்பு, திடீர்னு அகோரப் பசி, பேச்சு குழர்றது, காரணமே இல்லாம எரிச்சல் வர்றது, இதெல்லாம் சுகர் இறங்குறதுக்கு அடையாளம், 70க்குக் கீழ போனாலே தாழ்சர்க்கரைதான். அப்ப பிஸ்கட் சாப்பிட்டா அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரையை ரத்தத்துக்குப் போக விடாம மெதுவாக்கும். சாக்லேட்டும் அப்படித்தான். குருத்வாராவுல கையில வைக்கற நெய் சொட்டற அல்வாவும் அப்படித்தான் (ருசிக்கு ஒரு வாய் வாங்கிக்கோங்க, வைத்தியத்துக்கு வேணாம்). உங்களுக்கு வேண்டியது 15 கிராம் சுத்த சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணியில கலந்து. சின்னச் சின்ன பொட்டலமா கட்டி நாலு வச்சுக்கோங்க, ஒண்ணு பர்ஸ்ல, ரெண்டு பையில, ஒண்ணு ஜாக்கெட்ல சொருகற மணிபர்ஸ்ல கூட. குடிச்சுட்டு 15 நிமிஷம் உக்காருங்க, சரியாகலைன்னா இன்னொரு பொட்டலம், சரியானதும் இட்லி டப்பாவைத் திறங்க. சரியாப் போச்சுன்னு அடுத்த இடத்துக்குக் கிளம்பாதீங்க, கிளிமிபிரைடு போட்டவங்களுக்கு இறங்குன சுகர் ஏறிட்டு மறுபடியும் இறங்கும், அன்னிக்கு ஊர் சுத்தல் அதோட முடிஞ்சுது, நேரா வீடு. மெட்ரோவுக்குள்ள எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு ரூல் இருக்கு, சுகர் இறங்குனா அந்த ரூலைப் பத்தி யோசிக்காதீங்க, குடிங்க, யார் கேட்டாலும் நான் பதில் சொல்றேன்.

ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க, ஒரு வார்த்தை தெரியுமே. மதுரைக்காரங்க சர்க்கரையை என்ன சொல்வீங்க? சீனி. டெல்லிக்காரனும் அதைத்தான் சொல்றான். "சீனி, சீனி"ன்னு சொன்னா எந்த டீக்கடையிலயும் டப்பாவை நீட்டுவாங்க. சென்னைக்காரங்களுக்குக் கூட இந்த வசதி இல்ல.

தண்ணி குடிக்காம இருந்துடலாம்ங்கற எண்ணம்

இது உங்க தப்பு மட்டும் இல்லக்கா, நம்ம ஊர் பொம்பளைங்க முக்காவாசிப் பேர் செய்யறது, ஸ்கூல் டீச்சர்ல இருந்து பஸ்ல துணிக்கடைக்குப் போற பிள்ளை வரைக்கும். பாத்ரூம் இருக்குமோ இருக்காதோன்னு காலையில இருந்து தண்ணியை அடக்கி அடக்கி, அப்புறம் என்கிட்ட சிறுநீர் தொற்றோட வந்து நிப்பாங்க. சுகர் இருக்கறவங்களுக்கு அந்தத் தொற்று சீக்கிரம் வரும், லேசுல போகாது. மார்ச் கடைசியில டெல்லி பகல் வெயில் 30க்கு மேல, தண்ணி இல்லாம நடந்து பெஞ்சுல உக்காந்துட்டு சடார்னு எழுந்தா கண்ணு இருட்டும், விழுந்தீங்கன்னா இடுப்பு எலும்பு.

நீங்க பயப்படற அளவுக்கு அங்க பாத்ரூமுக்குப் பஞ்சமும் இல்ல. டெல்லி மெட்ரோவுல நிறைய ஸ்டேஷன்ல இருக்கு, டிக்கெட் வாங்கிப் போற பெரிய இடங்கள்ல இருக்கு, கனாட் பிளேஸ்ல ஹோட்டல்ல சாப்பிட உக்காந்தா அங்கயே இருக்கு. சொல்லப் போனா கழிப்பறைக்குன்னு ஒரு மியூசியமே அந்த ஊர்ல இருக்கு, சுலப் அமைப்பு ஆரம்பிச்ச பிந்தேஷ்வர் பாதக் 1992ல பாலம் பக்கம் திறந்தது, ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை கிடைச்சா போய்ப் பாருங்க. ஒரே ஒரு விதி வச்சுக்கோங்க, பாத்ரூமைப் பார்த்தா போயிடணும், வரட்டும் அப்புறம் பார்ப்போம்னு தாண்டக் கூடாது.

பிபி மாத்திரையை விடாதீங்க. அதுல இருக்கற ஹைட்ரோகுளோரோதையசைட்தான் சிறுநீரைப் பிரிக்குது, போட்டு ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சு நாலு மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும், அப்புறம் தணியும். காலையில ஆறு மணிக்குப் போட்டுட்டு பத்தரைக்குக் கிளம்புனா பெரிய ரகளை எல்லாம் வீட்டுலயே முடிஞ்சிருக்கும். பத்தரைக்குக் கிளம்பறதுல இன்னொரு லாபமும் இருக்கு, ஆபீஸ் கூட்டம் வடிஞ்சிருக்கும். காலை ஒன்பது மணிக்கு ராஜீவ் சௌக் ஸ்டேஷன்ல மாறுறது ஒரு தடவை பார்த்தீங்கன்னா சித்திரைத் திருவிழாவே தேவலைன்னு சொல்வீங்க.

அந்த ஓரத்து வரி

இப்ப நீங்க போற போக்குல எழுதுன விஷயத்துக்கு வர்றேன். எனக்கு மத்த நாலு பக்கத்தை விட அந்த ஒரு வரிதான் முக்கியம். பாதத்துல எறும்பு ஊர்றது, செருப்பு கழண்டது தெரியாம நடக்கறது, இது வயசுனால வர்றது இல்லக்கா. 12 வருஷ சுகர், கால் நரம்பைப் பதம் பார்த்திருக்கு. வலியே இல்லைன்னு சந்தோஷப்படாதீங்க, வலி தெரியாததுதான் பிரச்சனையே.

நான் எம்.டி படிச்ச மூணு வருஷம் டெல்லியிலதான் இருந்தேன். ஒரு மே மாசம் எங்க அம்மா வந்தாங்க, அவங்களுக்கும் சுகர். நான் டாக்டர், அதுவும் சுகர் நோயாளிகளைத் தினம் பார்க்கற டாக்டர், மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் செருப்பைக் கழட்டச் சொல்லி சலவைக்கல்லு மேல நடக்க விட்டேன். நான் குதிச்சு குதிச்சு ஓடுறேன், அம்மா பாட்டுக்கு நிதானமா நடந்து வர்றாங்க. "என்னடி இப்படி துள்ளுற"ன்னு சிரிக்கறாங்க. எனக்கு அப்பக்கூட உறைக்கல. ராத்திரி படுக்கை விரிப்புல ஈரமா இருக்கேன்னு பார்த்தா, வலது பாதத்துல பெருவிரலுக்குக் கீழ எட்டணா அகலத்துக்குக் கொப்பளம் உடைஞ்சு கிடக்கு. அது ஆற ஏழு வாரம் ஆச்சு. அம்மா இன்னிக்கு வரைக்கும் அதை யார்கிட்டயும் சொன்னதில்ல, டாக்டர் மகளுக்கு மானம் போயிடும்னு.

உங்க லிஸ்டை எடுத்துப் பாருங்க. ராஜ்காட் சமாதி, தாமரைக் கோயில், பங்களா சாகிப், மலை மந்திர், எட்டுல நாலு இடத்துல செருப்பைக் கழட்டணும். நாலையும் விட்டுடுங்கன்னு சொல்ல மாட்டேன். குறிப்பா பங்களா சாகிப் பார்க்க வேண்டிய இடம், 1664ல டெல்லியில அம்மை பரவுனப்ப சீக்கியர்களோட எட்டாவது குரு ஹர் கிருஷன் அங்க தங்கி நோயாளிகளைக் கவனிச்சார்னு சொல்வாங்க, அவரும் அதே அம்மையிலதான் போனார், எட்டு வயசு கூட முடியல. டாக்டர்ங்கறதால எனக்கு அந்த இடம் மேல ஒரு தனிப் பிரியம். ஆனா இந்த நாலு இடத்துக்கும் வெயில் ஏறறதுக்கு முன்னாடி காலையிலயே, இல்லைன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல போங்க, ஒரு நாளைக்கு ஒண்ணு, மகளையும் பேத்தியையும் கூட்டிட்டு. காலால சூடு பார்க்காதீங்க, குனிஞ்சு புறங்கையைத் தரையில வச்சுப் பாருங்க, கை தாங்கலைன்னா கால்ல சூடு தெரியாட்டியும் காலை வைக்காதீங்க. குருத்வாரா வாசல்ல கால் கழுவ தண்ணி ஓடும், நனைச்சுட்டுத்தான் உள்ள போகணும், திரும்ப வந்து செருப்பு போடறப்ப ஒரு சின்ன துண்டால விரல் இடுக்கு எல்லாத்தையும் துடைங்க, அந்த ஈரத்துலதான் சேத்துப்புண் ஆரம்பிக்கும்.

புது ஷூ அன்னிக்கு வேணவே வேணாம். நல்ல ஷூவாவே இருக்கட்டும், இன்னிக்கே போட ஆரம்பிங்க, முதல் நாள் அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம், கழட்டுனதும் பாதத்துல எங்கயாச்சும் செவந்திருக்கான்னு பார்க்கணும். ரெண்டு வாரம் அப்படிப் பழகிட்டு டெல்லிக்குப் போட்டுட்டுப் போங்க. காட்டன் சாக்ஸ், வெளிர் நிறத்துல. ரத்தமோ நீரோ கசிஞ்சா கறையாவது காட்டிக் குடுக்கும். போடறதுக்கு முன்னாடி ஷூவைத் தலைகீழா தட்டிட்டுப் போடுங்க, ஒரு சின்னக் கல்லு போதும்.

கிளம்பறதுக்கு முன்னாடி மதுரையிலயே பாதத்தைக் காட்டிடுங்க. பெரியாஸ்பத்திரியில போனாலும் சரி, உங்க டாக்டர்கிட்ட போனாலும் சரி. ஒரு நைலான் இழையை பாதத்துல அங்கங்க அழுத்தி தெரியுதா தெரியுதான்னு கேப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை, வலிக்காது. புண்ணு, ஆணி, வெடிப்பு ஏதாச்சும் ஏற்கனவே இருந்தா அது ஆறுற வரைக்கும் ஊர் சுத்தறது கிடையாது, இதுல மட்டும் நான் பிடிவாதம்.

எதுல போறது

டூரிஸ்ட் பஸ், நாள் வாடகைக்குக் கார், இல்லைன்னா மெட்ரோவும் ஆட்டோவும், மூணு வழி இருக்கு. பஸ் மலிவு, ஆனா அவங்க நிறுத்தற நேரத்துக்குத்தான் சாப்பாடு, பாத்ரூம், கிளிமிபிரைடு போடறவங்களுக்கு அது ஒத்து வராது. அது போக இருபது நிமிஷம் பார்த்துட்டு ஓடி வரணும். கார் சௌகரியம்தான், ஆனா சில டிரைவருங்க கமிஷனுக்காக "கவர்மெண்ட் எம்போரியம்"னு சொல்லி சால்வைக் கடையில கொண்டு போய் நிறுத்துவாங்க. எனக்கு மெட்ரோதான் சரின்னு படுது, நீங்க தனியா போன மாதிரியும் இருக்கும். நொய்டாவுல ப்ளூ லைன் ஏறி ராஜீவ் சௌக்ல இறங்கி யெல்லோ லைன் மாறணும், குருகிராம் போற பக்கம் ஏறுங்க, நாலாவது ஸ்டேஷன் லோக் கல்யாண் மார்க். போற திசையில முதல் பெட்டி லேடீஸ் பெட்டி, பிளாட்பாரத்துலயே எழுதியிருக்கும். செக்கிங்கும் லேடீஸுக்குத் தனி வரிசை. எஸ்கலேட்டர்ல கொசுவத்தை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கோங்க, பழக்கம் இல்லைன்னா லிஃப்ட்ல போங்க, வெக்கப்படாதீங்க.

ஸ்டேஷன்ல இருந்து பிர்லா மாளிகைக்கு ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கும், நடக்க வேணாம், ஆட்டோ. மகளே அவ போன்ல இருந்து உங்களுக்கு வண்டி போட்டுக் குடுக்கலாம், நம்பரையும் ஓடிபியையும் அனுப்புனா போதும், பேரம் பேசற வேலையே இல்ல. "காந்தி ஸ்மிருதி"ன்னு சொல்லணும், பிர்லா மாளிகைன்னா இப்ப புரியாது. அது இருக்கற ரோட்டுக்கு தீஸ் ஜனவரி மார்க்னு பேரு, அதாவது ஜனவரி முப்பது சாலை. திங்கக்கிழமை லீவு, உங்களுக்கு செவ்வாய், நல்லதாப் போச்சு. டிக்கெட் கிடையாது. வழியில யாராவது "அங்க இன்னிக்கு மூடியிருக்கு, நான் வேற இடம் காட்டறேன்"னு சொன்னா நம்பாதீங்க, டெல்லியில அது ரொம்ப நாளா நடக்கற வியாபாரம். ஏதாச்சும் தொந்தரவுன்னா 112, டூரிஸ்டுகளுக்குன்னு 1363, ரெண்டையும் போன்ல போட்டு வச்சுக்கோங்க.

உள்ள காந்தி கடைசியா 144 நாள் தங்குன ரூம் இருக்கு, தரையோட ஒரு மெத்தை, குட்டியா ஒரு மேஜை. அங்க இருந்து தோட்டத்துல பிரார்த்தனை நடந்த இடம் வரைக்கும் அவர் அன்னிக்கு நடந்து போன பாதையில ஒவ்வொரு அடியையும் சிமெண்ட்ல பாதம் மாதிரியே பதிச்சு வச்சிருக்காங்க. அது போய்க்கிட்டே இருக்கும், ஒரு இடத்துல நின்னுடும். 1921ல உங்க மேலமாசி வீதியில வேட்டியைக் குறைச்சு அரையாடைக்கு மாறுன மனுஷன் நடந்த கடைசி நடை அது. அங்க அவசரப்படாம உக்காருங்க. பெஞ்சு, நிழல், புல்லு எல்லாம் இருக்கு. 11 மணி சுண்டலை மறந்துடாதீங்க, அந்த இடத்துல மறந்து போகும்.

ஒரு மணிக்குள்ள கனாட் பிளேஸ் வந்துடுங்க, சரவண பவன் இருக்கு, கூட்டம் நின்னா இட்லி டப்பா இருக்கவே இருக்கு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஏசியில உக்காந்துட்டு, தெம்பைப் பார்த்துக்கிட்டு இந்தியா கேட் போங்க, இல்லைன்னா அப்படியே வீட்டுக்குக் கிளம்புங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல மெட்ரோ மறுபடி நிரம்பும், அதுக்கு முன்னாடி ஏறிடணும்.

மகள்கிட்ட என்ன சொல்றது

மாமி கதை வேணாம். நல்ல பிள்ளை கெட்ட பிள்ளை விஷயமா இதைச் சொல்லல, டாக்டரா சொல்றேன். சுகர் இறங்கி நீங்க எங்கயாச்சும் உக்காந்துட்டா உங்களுக்கே எங்க இருக்கோம்னு தெரியாது, அப்ப மகள் மாமிக்கு போன் பண்ணுவா, மாமி வீட்டுல சீரியல் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது இருக்கணும். வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் போட்டா எட்டு மணி நேரம் ஓடும், உங்க நாளுக்கு அது போதும். போனுக்கு ஒரு பவர் பேங்க். பர்ஸ்ல ஒரு அட்டை, அதுல "சுகர் நோயாளி, மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்"னு ஹிந்தியிலயும் இங்கிலீஷ்லயும் மகளையே எழுதச் சொல்லுங்க, கீழ அவ நம்பர், மாத்திரை பேரு.

அவ வேணாம்னு சொன்னா என்ன செய்யறதுன்னு கேப்பீங்க. டெல்லி பொம்பளைங்களுக்கு ஆகாத ஊருன்னு அவளுக்கு ஒரு பயம் இருக்கும், அந்தப் பயம் சும்மா வந்தது இல்ல, அதைக் கேலி பண்ணாதீங்க. பகல் பத்தரையில இருந்து அஞ்சு வரைக்கும், மெட்ரோ, காவலாளி இருக்கற இடம், மகள் போட்ட வண்டின்னு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. முதல் வாரம் ஒருநாள் அவ கூட ராஜீவ் சௌக் வரைக்கும் போயி மாறிக் காட்டிட்டு திரும்பி வாங்க, ஒத்திகை மாதிரி. நூத்துக்கணக்கான பிள்ளைங்களுக்கு சோத்துக் கணக்கும் முட்டைக் கணக்கும் பார்த்தவங்களுக்கு ரெண்டு கலர் ரயில் ஒரு விஷயமா. அப்படியும் மாட்டேன்னு சொன்னா இந்தப் பதிலை அவ போன்ல படிக்கக் குடுங்க.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி ஓடி வருவா, மகள் எப்படி இருந்துச்சும்மான்னு கேப்பா, எல்லாம் இருக்கட்டும். முதல்ல ஷூவையும் சாக்ஸையும் கழட்டிட்டு டியூப்லைட்டுக்குக் கீழ உக்காந்து முகம் பார்க்கற கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழ பிடிச்சு ரெண்டு காலையும் பாருங்க, குதிகால், பெருவிரல் அடி, விரல் இடுக்கு எல்லாம். கண்ணு சரியாத் தெரியலைன்னா மகளைப் பார்க்கச் சொல்லுங்க. செவப்போ கொப்பளமோ இருந்தா ஊசியால குத்தாதீங்க, மஞ்சள் வைக்காதீங்க, சுடுதண்ணியில ஊற வைக்காதீங்க, சுத்தமான துணியால லேசா மூடிட்டு மறுநாள் காலையில டாக்டர்கிட்ட. ஒண்ணும் இல்லைன்னா ராத்திரி மாத்திரையைப் போட்டு நேரத்துக்கு சாப்பிடுங்க. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுகர் பாருங்க, நிறைய நடந்த அன்னிக்கு ராத்திரியிலயும் இறங்கும். 100க்குக் கீழ இருந்தா ஒரு டம்ளர் பாலும் ரெண்டு பிரெட் துண்டும் சாப்பிட்டுட்டுப் படுங்க.